வெள்ளிக்கிழமைகளில் பசியோடு வந்தவர்

கோமதி காலமானார் என்ற செய்தி செவ்வாய்க்கிழமை காலை, நான் வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது வந்தது. எங்கள் வைத்தியசாலை மருந்தகத்தில் அவருடன் வேலை செய்த பிரிகிட்தான் தொலைபேசியில் சொன்னார். முதல் நாள் மாலை வீட்டுக்குத் திரும்பும்போது படிக்கட்டில் மயங்கி விழுந்தாராம். இதயம் நின்றுவிட்டதாம். ஒற்றைச் சப்பாத்தோடு நின்றபடி நான் அதை என் கணவரிடம் சொன்னேன். அவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். எங்கள் திருமண வாழ்வில் அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அவருக்கு வந்திருப்பது புற்றுநோய் என்று டொக்டர் சொன்ன அன்றுகூட அழாத மனிதர். எனக்கு முதலில் வந்த எண்ணத்தை அப்படியே எழுதுகிறேன்: நான் செத்தால் இவர் இப்படி அழுவாரா? அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. இனி இவரைச் சாப்பிட வைக்கப்போவது யார்?

அஞ்சலிக் கட்டுரையை இப்படித் தொடங்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். தமிழ்ச் சங்க மலருக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தாருங்கள் என்றுதான் கேட்டார்கள். நல்ல வார்த்தைகளும் வரும். ஆனால் என் பொறாமையை ஒளித்துவிட்டு எழுதினால் இது வேறு யாரோ ஒரு கோமதியைப் பற்றிய கட்டுரையாகிவிடும். அவரை அறியாதவர்களுக்கு அது அநியாயம், அறிந்தவர்களுக்குச் சிரிப்பு.

கோமதி அவர்கள் திருநெல்வேலிக்காரர். மருந்தியலில் ஆராய்ச்சி செய்யச் சுவிஸ் நாட்டின் பாசலுக்கு வந்து, பட்டம் பெற்று, பிறகு பேர்ணுக்கு அருகில் எங்கள் வைத்தியசாலையின் மருந்தகத்தில் சேர்ந்தார். மணம் செய்துகொள்ளவில்லை. மெலிந்த உருவம், உரத்த சிரிப்பு. பனிக்காலத்திலும் சேலைக்கு மேல் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடப்பார். நான் அதே வைத்தியசாலையில் ஊட்டச்சத்து ஆலோசகர். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, பேர்ணை அடுத்த ஓஸ்டர்முண்டிகனில் இருந்துகொண்டு, பகலில் துப்புரவு வேலையும் மாலையில் ஜேர்மன் வகுப்புமாகக் கிடந்து, பிறகு படித்து இந்த வேலைக்கு வந்தவள். இந்த நாட்டில் எனக்கென்று ஒரு கதிரை கிடைக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. அந்தக் கதிரைக்குப் பக்கத்தில்தான் இரண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்கில் கோமதியைக் கொண்டுவந்து இருத்தினார்கள்.

காரணம் ஒரு மருந்து. கஞ்சாச் செடியில் இருக்கும் சத்தை எண்ணெயில் கரைத்துச் சொட்டு மருந்தாகக் கொடுக்கலாம். புற்றுநோய்ச் சிகிச்சையால் வாந்தியும் ஓங்காளமும் வந்து பசியே செத்துப்போனவர்களில் சிலருக்கு அது உதவும். ஆனால் சட்டப்படி அது போதைப்பொருள். ஒவ்வொரு நோயாளிக்கும் டொக்டர் தனித்தனியாகக் கூட்டரசின் சுகாதார அலுவலகத்துக்கு விண்ணப்பித்து விசேட அனுமதி எடுக்க வேண்டும். அனுமதி கிடைத்தவர்களுக்கு மருந்தைப் பற்றிக் கோமதியும் சாப்பாட்டைப் பற்றி நானும் ஒரே அறையில் சேர்ந்திருந்து ஆலோசனை சொல்ல வேண்டும் என்று எங்கள் தலைமை டொக்டர் தீர்மானித்தார். நல்ல திட்டம். நானே பல கூட்டங்களில் கேட்டுக்கொண்டிருந்த திட்டம். ஆனால் நடைமுறைக்கு வந்தபோது, நோயாளிகள் எல்லோரும் அவருடைய முகத்தைப் பார்த்துத்தான் கதைத்தார்கள்.

எங்களிடம் வந்த முதல் தமிழ் நோயாளி ஒரு கோயில் தர்மகர்த்தா. நான் மறைக்காமல், இது கஞ்சாவிலிருந்து எடுத்த மருந்து என்று முதலிலேயே சொன்னேன். அவர் எழுந்துவிட்டார். ஊரில் ஒரு பெயரோடு வாழ்ந்த குடும்பம் தங்களுடையது என்றும், இதைக் குடித்துத்தான் உயிர் பிழைக்க வேண்டுமென்றால் அப்படி ஒரு உயிர் தேவையில்லை என்றும் சொன்னார். கோமதி மறுப்பாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. கதவுவரை போனவரிடம், "ஐயா, காலைல என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். அவர் நின்றார். ஒன்றும் சாப்பிடவில்லை என்றார். அதற்கு முதல் நாள்? அதற்கும் முதல் நாள்? கடைசியாக எது ருசித்தது? மனிதர் திரும்பி வந்து உட்கார்ந்து, போன வருடம் சாப்பிட்ட ஒரு கத்தரிக்காய்க் குழம்பைப் பற்றிக் கண் கலங்கக் கதைத்தார். அதன் பிறகு கோமதியும் கஞ்சா என்ற அதே சொல்லைத்தான் சொன்னார். தர்மகர்த்தா சரியென்று தலையாட்டினார்.

காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்பது என் கேள்வி. என் தொழிலின் முதல் கேள்வி. நான் படிவத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டால் அது விசாரணை. அவர் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரி கேட்டது போல இருக்கும். அன்று மாலை வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிப் புகைந்தேன். என் கணவர் சிரித்தார். அப்போது அவருக்கு நோய் வரவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கோமதி மருந்தைப் பற்றி ஒருபோதும் கூட்டிச் சொன்னதில்லை. இது நோயைக் குணமாக்காது என்பதைத்தான் முதலில் சொல்வார். சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, தலை சுற்றும், வாகனம் ஓட்டக் கூடாது, சொன்ன சொட்டுக்கு மேல் ஒரு சொட்டும் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்வார். பிறகு, "மருந்து பசியைக் கூட்டிட்டு வரும். வர்ற நேரத்துக்கு நாம சாப்பாட்டை எடுத்து வைக்கணும். இல்லேன்னா அது பாட்டுக்குத் திரும்பிப் போயிடும்" என்பார். அவ்வளவுதான் அவருடைய சித்தாந்தம். எந்த நேரத்தில் எடுப்பது, எதோடு எடுப்பது, எவ்வளவு எண்ணெய்ப்பிடிப்பான சாப்பாடு சேர்ப்பது என்பதையெல்லாம் என்னிடம் கேட்டுக் கேட்டுத்தான் ஒழுங்கு செய்வார். கூட்டங்களில் அவரைப் பாராட்டினால், "சாப்பாட்டுப் பகுதி வசந்தியோடது" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்வார். அது என்னை இன்னும் எரிச்சலாக்கும். பொறாமைப்படுகிறவளுக்கு எதிராளி நல்லவளாகவும் இருந்துவிட்டால் வேறு என்ன செய்வது?

பிறகு நோய் என் வீட்டுக்கே வந்தது. என் கணவர் சிவநேசன் சமையல்காரர். எங்கடின் மலைப்பகுதியில் உல்லாச விடுதிக் குசினிகளில் பல பருவங்கள் வேலை செய்துவிட்டு, கடைசியில் பேர்ணில் ஒரு தொழிற்சாலை உணவகத்தில் நிரந்தரமானவர். நூறு பேருக்குச் சமைத்துவிட்டு வருகிறவர் வீட்டில் கரண்டி தொட மாட்டார். அதில் எனக்குக் குறையில்லை. வீட்டுக் குசினி எனக்கு, உலகத்துக் குசினியெல்லாம் அவருக்கு. சிகிச்சை முடிந்தது, நோய் அடங்கியிருக்கிறது என்றார்கள். ஆனால் பசி திரும்பவில்லை. இறைச்சி மணத்துக்கு ஓங்காளம், சோற்றைப் பார்த்தால் முகத்தைத் திருப்பல். கன்னம் ஒட்டி, காற்சட்டை இடுப்பில் நிற்காமல் போனது. இப்படியே எடை இறங்கினால் அடுத்த முறை நோய் தலைதூக்கும்போது சிகிச்சையைத் தாங்க உடம்பில் ஒன்றும் இருக்காது என்று டொக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். ஊருக்கெல்லாம் சாப்பாட்டு ஆலோசனை சொல்பவளின் புருசன் பட்டினியில் தேய்ந்துகொண்டிருந்தார். நான் வாங்கி அடுக்கிய சத்துப் பானப் போத்தல்கள் மூடி திறக்காமல் நின்றன. கெஞ்சினேன், ஏசினேன், ஊட்டியும் பார்த்தேன்.

சொட்டு மருந்துக்கு அனுமதி எடுத்தோம். சொந்தக்காரர்களுக்கு "ஒரு எண்ணெய் மருந்து" என்று மட்டும் சொன்னேன். மருந்து கொஞ்சம் வேலை செய்தது, ஓங்காளம் குறைந்தது. ஆனாலும் தட்டை இரண்டு வாயோடு தள்ளிவிடுவார். அப்போதுதான் கோமதி என் கணவருக்குத் தொலைபேசி எடுத்து, எந்த நாளில் மிகவும் கஷ்டமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை என்று அவர் சொல்லியிருக்கிறார். அது எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை எனக்கு வேலை இல்லாத நாள். அடுத்த வெள்ளிக்கிழமை மதியம் கோமதி எங்கள் வீட்டு மணியை அடித்தார். புறப்படும் முன்பே தொலைபேசியில், இப்போது சொட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள் என்று என் கணவரிடம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறியிருக்கிறார். வந்து இருந்து, ஊர்க்கதை, பஸ் கதை, பனிக் கதை எல்லாம் கதைத்தார். மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிறகு வெட்கமே இல்லாமல், "அண்ணா, ரொம்பப் பசிக்குது. ஏதாச்சும் இருக்கா?" என்றார்.

எங்கள் ஆட்களிடம் அப்படிக் கேட்டால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. என் கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"இருங்கோ பிள்ளை. வீட்டுக்கு வந்த ஆளைப் பசியோடை அனுப்பேலாது."

நான் எடுத்து வைக்கிறேன் என்றேன். அவர் கேட்கவில்லை. குசினிக்குள் போய், நின்று சமைக்க முடியாமல் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, உருளைக்கிழங்கும் தேங்காய்ப்பாலும் போட்டு ஒரு சொதி வைத்தார், இடியப்பத்தை அவித்தார், தேங்காய்ச் சம்பல் அரைத்தார். என்னைத் தேங்காய் துருவ விட்டார். பரிமாறினார். விருந்தாளி தனியாகச் சாப்பிடுவது எங்களுக்கு வழக்கமில்லை அல்லவா? அவரும் தட்டோடு எதிரே இருந்தார். கோமதி அள்ளி அள்ளிச் சாப்பிட்டார், இன்னும் கேட்டார், உப்புக் காணாது என்று குறையும் சொன்னார். அவரோடு கதைத்துக்கொண்டே என் கணவர் தன் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டார். சாப்பிட்டு முடிந்த பிறகுதான் அவருக்கே அது தெரிந்தது.

நான் சந்தோசப்பட்டேனா? பட்டேன். அதைவிட வயிறு எரிந்தது. இத்தனை வருடத்தில் இந்த மனிதர் எனக்கென்று ஒரு தேநீர்கூடப் போட்டதில்லை. யாரோ ஒரு திருநெல்வேலிக்காரிக்கு, நடக்கத் தெம்பில்லாத நேரத்தில் சொதி வைக்கிறார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். காலையிலேயே சவரம் செய்வார். இஸ்திரி போட்ட சேட்டுப் போடுவார். இன்றைக்குப் பிள்ளைக்கு என்ன வைப்போம் என்று என்னிடமே கேட்பார். ஒரு தடவை, நன்றாகச் சாப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று சொன்னதற்கு மேல் சொட்டுகளை எடுத்துவிட்டுத் தலை சுற்றிச் சோபாவில் கிடந்தார். கோமதி வந்து பார்த்து, பள்ளிக்கூடப் பிள்ளையை ஏசுவது போல ஏசினார். அந்த ஏச்சையும் அவர் சிரித்துக்கொண்டு வாங்கினார். நான் ஏசினால் மூன்று நாள் கதைக்க மாட்டார்.

வெள்ளிக்கிழமை எனக்கு விரத நாள். அவருக்கு நோய் என்று தெரிந்த வாரம் தொடங்கியது. மாலை விளக்கு வைக்கும்வரை தண்ணீரைத் தவிர ஒன்றும் பல்லில் படாது. அவர்கள் இருவரும் மேசையில் இருந்து சாப்பிடுவார்கள். நான் பரிமாறிக்கொண்டு நிற்பேன். அவருக்காகப் பட்டினி கிடப்பவள் நான், அவர் சாப்பிடுவது கோமதியோடு. இதை நினைத்து நான் எத்தனை வெள்ளிக்கிழமை குசினிக்குள் நின்று பல்லைக் கடித்திருப்பேன். ஒரு நாள் தட்டுகளைக் கொண்டுவந்து கழுவும்போது கோமதி தணிந்த குரலில் கதையைத் தொடங்கினார்.

"வசந்தி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே. நான் வரலைன்னா, நீங்க விரதம் இருக்கிற அன்னைக்குத்தான் அவர் சாப்பிடறதே இல்லை."

"நான் அவருக்காகத்தான் பிடிக்கிறன்."

"தெரியுது. அவருக்கும் தெரியுது. பொண்டாட்டி பட்டினியா நிக்கிறப்ப எந்த மனுஷனுக்கு உள்ள இறங்கும்?"

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. என் சாப்பாட்டு அறிவை எடுத்தார், என் கேள்வியை எடுத்தார், என் குசினியில் என் புருசனைச் சமைக்க வைத்தார். இப்போது நான் சாமிக்குப் பிடிக்கும் விரதத்திலும் கை வைக்கிறார்.

"உங்களுக்கும் ஒரு புருசன் இருந்திருந்தா விளங்கியிருக்கும்" என்றேன்.

அவர் கையிலிருந்த தட்டைத் துடைத்து முடித்தார். "இருக்கலாம்" என்றார். பிறகு, "அடுத்த வெள்ளிக்குச் சொதி உண்டா?" என்று கேட்டார். அடுத்த வெள்ளியும் அதே நேரத்துக்கு, அதே பசியோடு வந்தார்.

விரதத்தை நான் விடவில்லை. திங்கட்கிழமைக்கு மாற்றினேன். திங்களன்று மதியம் நான் வைத்தியசாலையில் இருப்பேன், அவர் கண்ணில் படாது. கோமதி சொன்னதற்காக மாற்றவில்லை, வேலை வசதிக்காக மாற்றினேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். வெள்ளிக்கிழமைகளில் மூன்று தட்டுப் போட்டோம். அந்த வருடத்துக்குள் என் கணவரின் கன்னம் கொஞ்சம் தேறியது. காற்சட்டைக்குக் கூடுதல் துளை போட்ட பெல்ட்டு தேவைப்படவில்லை. டொக்டர் எங்களைப் பாராட்டினார். எங்களை என்று அவர் சொன்னபோது கோமதியின் பக்கம்தான் பார்த்தார் என்பதையும் நான் கவனித்தேன்.

கோமதியின் தகனம் வெள்ளிக்கிழமையே நடந்தது. சென்னையிலிருந்து அண்ணன் ஒருவர் மட்டும் வந்திருந்தார். சொந்தம் இவ்வளவுதானே, கூட்டம் இருக்காது என்று நினைத்துப் போனால் மண்டபம் நிறைந்திருந்தது. முக்கால்வாசிப் பேர் எங்கள் நோயாளிகளும் அவர்களுடைய வீட்டுக்காரர்களும். என் பக்கத்தில் ஒரு வயதான சுவிஸ் விவசாயி இருந்தார். மனைவியை இழந்து, தானும் நோயில் விழுந்து, சாப்பாட்டை வெறுத்திருந்தாராம். செவ்வாய்க்கிழமைகளில் கோமதி கரடிப் பசியோடு தன் வீட்டுக்கு வருவார் என்றும், தான் செய்யும் ரொஸ்டி போல உலகத்தில் எங்குமே சாப்பிட்டதில்லை என்று சொல்வார் என்றும் கண்ணீரோடு எங்களிடம் சொன்னார். ரொஸ்டி என்பது துருவிய உருளைக்கிழங்கைத் தட்டையாகப் பொரிப்பது. அவ்வளவுதான்.

என் கணவரின் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"எங்கடை வீட்டுச் சாப்பாடுதான் திறம் எண்டு எனக்குச் சொன்னவ" என்றார் என் காதுக்குள்.

எனக்கு அந்த மண்டபத்தில் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். இவ்வளவு காலமும் நான் பட்டதை இப்போது அவரும் படட்டும் என்று நினைத்தேன். ஆனால் அந்தச் சந்தோசம் நிலைக்கவில்லை. எனக்கும் அந்தக் கிழவர்மேல் எரிச்சலாக இருந்தது. செவ்வாய்க்கிழமையை அவருக்கு யார் கொடுத்தது? கோமதி எங்கள் வீட்டு ஆள் அல்லவா?

வெளியே வரும்போது பிரிகிட் என் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். வீடுகளுக்குப் போகும் நாட்களில் கோமதி காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட மாட்டாராம். மருந்தகத்தில் எல்லோரும் ரொட்டியும் கோப்பியுமாக இருக்கும்போது இவர் வெறும் தண்ணீர் குடிப்பாராம். ஏன் என்று கேட்டால், பொய்ப்பசியோடு போனால் நோயாளிகள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பாராம். அப்படியென்றால் அவரும் என் புருசனுக்காக விரதம் பிடித்திருக்கிறார். ஒவ்வொரு வெள்ளியும், ஒருவருக்கும் சொல்லாமல். என் விரதத்தை ஊர் அறியும், கோயில் ஐயர் அறிவார். பலித்தது அவருடையது. வாழ்க்கையில் நான் பட்ட பொறாமைகளிலேயே அதுதான் பெரியது. அதைக் காட்டச் சண்டை பிடிக்க ஆளும் இல்லை.

வீட்டுக்கு வந்து குளித்தோம். சொட்டு மருந்தைக் கொடுத்தேன், அவர் எடுத்தார். ஆனால் இன்று மணி அடிக்கப்போவதில்லை. அவர் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தார். என்னால் அவரைக் கட்டாயப்படுத்த முடியவில்லை. ஒன்றும் சாப்பிட மாட்டார், இன்றோடு பழைய நிலைமைதான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் எழுந்து குசினிக்குள் போனார்.

"கிழங்கு இருக்கோ?"

இருக்கிறது என்றேன்.

"ரொஸ்டியாம் ரொஸ்டி" என்று முணுமுணுத்தபடி முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து உரிக்கத் தொடங்கினார். கிழங்குப் பிரட்டல் கறியும் சோறும் சமைத்தார். இரண்டு தட்டில் போட்டு, ஒன்றை என் முன்னால் வைத்தார்.

"சாப்பிடும். நீரும் காலமையிலையிருந்து ஒண்டும் சாப்பிடேல்லை."

அது எனக்காகச் சமைத்ததா, அந்த விவசாயியோடு போட்டிக்குச் சமைத்ததா, இல்லை உங்களுக்காகத்தானா என்று நான் கேட்கவில்லை, கோமதி. சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. அவர் இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டார். உடனே உங்களுக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்ல வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. சொல்ல வேண்டிய ஆள் வேறு யாரும் இந்த ஊரில் இல்லை. உங்கள்மேல் எனக்கிருந்த பொறாமை அப்படியே இருக்கிறது. அதில் ஒரு துளியும் குறையவில்லை. இனி நான் அதை யார்மேல் படுவது? போய் வாருங்கள்.